‘அ... இம்... மா’: எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைகளும் வகுப்பில் எழும் சிரிப்பும்

கரும்பலகை:
ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் மாதங்களில் வகுப்பே சிரித்துவிடும் தருணங்கள் நிறைய வரும். ‘அம்மா’வை ‘அ... இம்... மா’ என்று திணறிப் படிக்கும் குழந்தை, மேலே உள்ள படத்தைப் பார்த்து ‘ஆன்ட்டி’ என்று முடிக்கும். ‘ஐ’க்குப் பக்கத்தில் ஐந்து விரல்கள் வரைந்திருந்தால் ‘கை’ என்று கத்தும். ‘பாடம்’ ‘பரடம்’ ஆகும், ‘கொடி’ ‘கெரடி’ ஆகும். இவை எல்லா ஊரிலும் வருகிற பிழைகள்தான். ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது, அந்த இடத்திலேயே எப்படிச் சரிசெய்யலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ‘பொறுமை வேண்டும்’ போன்ற பொது அறிவுரை வேண்டாம். எந்த அட்டை, எந்தச் சொல், எதற்குப் பிறகு எது என்று எழுதினால் பலருக்கும் உதவும்.

மூணுசுழி:
‘அ-இம்-மா’வில் குழந்தை தப்பே பண்ணலை. நாம சொல்லிக்கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லுது. மெய்யெழுத்தைத் தனியா உச்சரிக்க முடியாதுன்னு ‘இக், இங், இச்’ என்று முன்னாடி ஒரு ‘இ’ போட்டுச் சொல்லித் தர்றோம். குழந்தைக்கு அந்த ‘இ’ எழுத்தோட பெயரில் இருப்பதா, ஒலியில் இருப்பதா என்று தெரியாது. அதனால் ‘பக்கம்’ என்பது ‘ப-இக்-க-இம்’ ஆகுது. இப்படிப் படிச்ச பிறகு "என்ன சொல்?" என்று கேட்டால் திருதிருன்னு முழிக்கும். நாலு துண்டையும் சேர்த்தால் ‘பக்கம்’ வரவே வராது, அதுதான் காரணம்.

சரிசெய்யும் வழி:

மெய் அட்டையை மட்டும் தனியாகக் காட்டிச் சொல்லவைப்பதை முதலில் நிறுத்துங்க. ‘ப’ அட்டையை இடது கையில் பிடித்து ‘பஅஅ’ என்று ஒலியை இழுத்துக்கிட்டே இருங்க. வலது கையில் ‘ல்’ அட்டையை மெதுவா நகர்த்திக் கொண்டுவந்து ஒட்டும் நொடியில் நாக்கை மேலே வைத்து நிறுத்துங்க: ‘பல்’. நடுவில் மூச்சு விடக்கூடாது. மூச்சு விட்டால் அந்த இடைவெளியில் ‘இ’ வந்து உட்கார்ந்துடும். அடுத்து கல், மண், கண், பிறகு கால், பால், வால், நாய், பாய், காய்.

தொடக்கத்தில் ல், ள், ண், ன், ம், ய், ர் மட்டும் போதும். இவற்றை இழுத்து ஒலிக்கலாம். க், ச், ட், த், ப், ற் ஆறையும் இழுக்க முடியாது. அவை இரட்டித்து வரும் சொற்களில், அதாவது பக்கம், பச்சை, பட்டம், பத்து, அப்பா, காற்று என்று வரும்போது கற்றுக்கொடுத்தால் தானா வந்துடும்.

புள்ளி வைத்த எழுத்து எப்பவும் தனக்கு இடப்பக்கம் இருக்கும் எழுத்தோட ஒட்டிக்கும். பென்சிலால் அடியில் ஒரு வளைவு போடுங்க. ‘அம்’ ஒரு வளைவு, ‘மா’ ஒரு புள்ளி. ‘பக்’ ஒரு வளைவு, ‘கம்’ ஒரு வளைவு. வளைவுக்கு ஒரு கைதட்டல். ‘பக்கம்’ நாலு தட்டிலிருந்து ரெண்டு தட்டாகக் குறையும்போதே குழந்தைக்குச் சொல் காதில் விழுந்துடும்.

யாழ்_வாசகி:
எங்கட பக்கத்தில இது இன்னும் நீளம். வீட்டில அம்மம்மா, அப்பப்பா ‘ஆனா, ஆவன்னா’ என்று எழுத்துப் பெயர் சொல்லிக்குடுத்திருப்பினம். பிள்ளை தரம் 1க்கு வந்து ‘அம்மா’வை ‘ஆனா, இம்மன்னா, மாவன்னா’ என்று பாட்டுப் போல வாசிக்கும். வகுப்பு சிரிக்கும். பிள்ளைக்கு ஏன் சிரிக்கினம் என்றே விளங்காது, ஏனென்றால் வீட்டில அதே பாட்டுக்குக் கைதட்டினவை.

அந்தப் பாட்டை மறக்கச் சொல்லக்கூடாது. ‘இது எழுத்தின்ர பேர், இப்ப அது போடுற சத்தத்தைச் சொல்லு’ என்று பிரித்துக் கேட்டால் போதும். பூனைக்குப் பேர் ‘பூனை’, அது போடுற சத்தம் ‘மியாவ்’ என்று ஒருக்கால் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் பிடித்துக்கொள்ளுவினம். விஜயதசமிக்கோ தைப்பூசத்துக்கோ ஏடு தொடக்கின கையோட பெற்றோரிட்டையும் இதைச் சொல்லிவிட்டால் பிறகு பாதி வேலை மிச்சம்.

துணைக்கால்:
‘பரடம்’, ‘கெரடி’ பற்றி. இதில் பாதிக் குற்றம் அச்செழுத்தின் மேல். பல எழுத்துருக்களில் ‘ர’வும் துணைக்காலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பெரியவர்கள் சொல்லை மொத்தமாகப் பார்த்துப் படிப்பதால் நமக்கு உறைக்காது. ஒவ்வொரு உருவமாகப் பார்க்கும் குழந்தைக்கு ‘பாரம்’ என்பது ப, ர, ர, ம் என்றே தெரியும். அட்டை எழுதும்போது ‘ர’வின் அடியில் இடதுபக்கம் இறங்கும் சாய்கோட்டைத் தெளிவாக இழுங்கள். துணைக்காலை நேராக நிறுத்தி வேறு நிறத்தில் எழுதுங்கள். அச்சிட்ட தாள் கொடுப்பதானால் ‘பாரம்’, ‘காரம்’ இரண்டையும் முதலில் அடித்துப் பாருங்கள். உங்களுக்கே அரை நொடி தயக்கம் வந்தால் அந்த எழுத்துரு குழந்தைக்கு ஆகாது.

‘கொ’ இன்னொரு சிக்கல். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, பிறகு க, பிறகு கால். வாயில் வருவதோ ஒரே ஒலி. இடமிருந்து வலமாகப் படி என்று நாம்தான் சொல்லியிருக்கிறோம், குழந்தை அதை ஒழுங்காகச் செய்கிறது. அதனால் ‘கெ’ படித்து, மிச்சம் நிற்கும் காலை ‘ர’ ஆக்கிவிடுகிறது. ‘தோசை’ ‘தேரசை’ ஆவதும் இதே கணக்குதான்.

மூன்று பிள்ளைகளை நிற்க வைத்துச் செய்யும் முறை நன்றாக எடுபடும். நடுவில் ஒரு பிள்ளையின் கழுத்தில் ‘க’ அட்டை. இடப்பக்கம் நிற்பவர் கையில் ஒற்றைக் கொம்பு. அவர் வந்து ஒட்டினால் ‘கெ’. வலப்பக்கம் நிற்பவர் கையில் துணைக்கால். அவர் மட்டும் வந்தால் ‘கா’. இருவரும் ஒரே நேரத்தில் வந்து நடுப்பிள்ளையின் தோளைத் தொட்டால் ‘கொ’. கொம்பை இரட்டைக் கொம்பாக மாற்றினால் ‘கோ’. நடுப்பிள்ளைதான் ஒலியைச் சொல்ல வேண்டும், ஓரத்தில் நிற்கும் இருவருக்கும் வாய் கிடையாது. இந்த விதியை மறக்காதீர்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. பிறகு ‘க’வை எடுத்துவிட்டு த, ப, ம என்று மாற்றிக்கொண்டே போகலாம். வலப்பக்கப் பிள்ளை முந்திக்கொண்டு ஓடிவந்து மோதுவதும், எல்லோரும் விழுந்து சிரிப்பதும் இருக்கும். அந்தச் சிரிப்பு நல்லது, யாரையும் குத்தாது.

சிலேட்டுப்பலகை:
‘ஔ’வை விட்டுட்டீங்களே. ‘ஔவையார்’ என்பதை ‘ஒளவையார்’ என்று படிப்பதும், வருகைப் பதிவில் ‘கௌதம்’ என்ற பையன் ‘கெளதம்’ ஆவதும் வருஷா வருஷம் நடக்கும். அந்த வால் பகுதி அச்சில் ‘ள’ மாதிரியே இருக்கு.

துணைக்கால்:
ஔகார வரிசையைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள் என்பேன். சிறு பிள்ளைக்கான சொற்களில் ஔவை, மௌனம், பௌர்ணமி, கௌதாரி போல விரல் விட்டு எண்ணும் அளவில்தான் அது வருகிறது. அதுவரை ‘அவ்வை’, ‘பவுர்ணமி’ என்று எழுதிக் காட்டுவதில் தவறே இல்லை, நம் இலக்கணம் ஏற்கும் வழக்குதான். வகுப்பில் கௌதம், சௌந்தர்யா இருந்தால் மட்டும் அந்தப் பெயரை முழு அட்டையாக முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்த பிறகுதான் படிப்பு என்று வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பலகையில் ஙி, ஙூ, ஙௌ எல்லாம் இருக்கும். "ஙூ வரும் சொல் ஒன்று சொல்லுங்க டீச்சர்" என்று ஒரு குழந்தை கேட்டால் பதில் கிடையாது. ‘ங்’ மட்டும் போதும்: தங்கம், சங்கு, நுங்கு. எழுதவும் ஒலிக்கவும் எளிதான ட, ப, ம, க, ல, ய எழுத்துகளோடு துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்துவிட்டால் முதல் வாரத்திலேயே படம், பட்டம், பாடம், மாடம், கடல், காகம், பால் என்று சொல்லாகப் படிக்கத் தொடங்கலாம்.

பெயர்ச்சீட்டு:
பெயர் என்றதும் இதைச் சொல்ல வேண்டும். குழந்தை முதலில் படிக்க ஆசைப்படுவது தன் பெயரைத்தான். ஆனால் இன்றைய வகுப்பில் ஹரிஷ், தர்ஷினி, யாஷிகா, ஜெஸிகா என்றுதான் பாதிப் பேர் இருக்கிறார்கள். ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் பாடத்தில் மிகத் தாமதமாகத்தான் வரும். ஊரில் எல்லாப் பலகையையும் படிக்கிற பிள்ளை தன் பெயரின் முன்னால் நின்றுவிடும். ‘ப்ரியா’, ‘ஸ்ரீநிதி’ இன்னும் சங்கடம். மேலே மூணுசுழி சொன்ன வளைவு விதி இங்கே உடைந்துவிடும், புள்ளி எழுத்து ஒட்டிக்கொள்ள இடப்பக்கம் எதுவும் இல்லை. எழுத்துக்கூட்ட வைக்காதீர்கள். மேசையில் பெயர்ச்சீட்டு ஒட்டி, முழுச்சொல்லாகக் கண்ணுக்குப் பழக்குங்கள்.

முன்னெழுத்தையும் கவனியுங்கள். ‘கு. மணி’ என்று எழுதியிருந்தால் ‘குமணி’ என்றே படிப்பார்கள், அந்தப் பையனுக்கு அன்றிலிருந்து அதுதான் பட்டப்பெயர். முதல் பருவத்தில் சீட்டில் முன்னெழுத்தே வேண்டாம்.

மூணுசுழி:
கடன்சொல்லும் அதே வகைப் பொறிதான். ‘தண்ணீர் பாட்டில்’ என்று எழுதியிருந்தால் குழந்தை ‘அந்தப் பாட்டில் வரும் வரி’ என்கிறப்ப வருமே, அந்தப் ‘பாட்டில்’ ஆக்கிடும். பந்தைச் சொல்லும் ஆங்கில ‘பால்’ என்றால் குடிக்கிற பால் உருண்டு ஓடும், ‘பஸ்’ வேற ஏதோ ஒலியாகும். ஒரே ‘ப’ ‘பந்து’வில் வலிந்தும் ‘தம்பி’யில் மெலிந்தும் ஒலிப்பதைக் குழந்தை தடுமாறாமல் சொல்லும், ஏன்னா அந்தச் சொற்கள் ஏற்கெனவே காதில் இருக்கு, தமிழ்ச் சொல்லில் அது இடத்தைப் பொறுத்துத் தானா மாறிடும். கடன்சொல்லில் அந்த ஒழுங்கு கிடையாது. முதல் ஆறு மாசத்துக்கு வாசிப்பு அட்டையில் பஸ், பாட்டில், கேஸ், பேக் வேண்டாம்.

அரும்பு_மொட்டு:
படம் பார்த்து ஊகிப்பதைத் தனியாகப் பேச வேண்டும். ‘உ - உரல்’. இன்றைய குழந்தை உரலையே பார்த்திருக்காது. அந்தப் படத்தைப் பார்த்து ‘டம்ளர்’, ‘உடுக்கை’, ‘ஸ்டூல்’ என்று எதையும் சொல்லும். ‘ஓடம்’ ‘போட்’ ஆகும். ‘முயல்’ ‘ரேபிட்’ ஆகும். ஆங்கில எழுத்தை முதலில் கற்றுவந்த பிள்ளை ‘ப’வை ‘யு’ என்றும் ‘ட’வை ‘எல்’ என்றும் படிப்பது தனிக்கதை.

மனப்பாடமாகப் படிப்பது இதைவிடக் கவனிக்க வேண்டியது. விருந்தினர் முன்னால் பெருமையாகப் படித்துக் காட்டும் பிள்ளை, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும். அல்லது வாய் வரியை முடித்தபோது விரல் மூன்றாம் சொல்லில்தான் இருக்கும். உடனே புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பி அவமானப்படுத்தாதீர்கள். ஒலியும் எழுத்தும் தொடர்புடையவை, பக்கத்தில் இருப்பது மாறாது என்பது அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. அது வாசிப்பின் உண்மையான முதல் படி.

சோதிக்கும் முறை எளிது. படத்தின் மேல் ஒரு தாளை வையுங்கள். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு நடுவில் ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் சொல்லிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்த இடம்வரை வந்தால் மனப்பாடம். நேராகச் சொன்னால் படிப்பு.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைப்பதில் இந்த வகையில் ஒரு நன்மை உண்டு. மலரில் இருக்கும் பிள்ளை சரளமாக வாசித்துக் காட்டிய உடனே, பக்கத்தில் அரும்பில் இருக்கும் பிள்ளை ‘ப-இக்-க’ என்று திணறும் நிலை வராது. ஆனால் அரும்பு என்பதே பட்டமாகிவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

நெல்லும்எழுத்தும்:
பேச்சுத்தமிழில் படிப்பதை என்ன செய்வது? ‘அவன் வருகிறான்’ என்று இருந்தால் ‘அவன் வர்றான்’ என்று படிக்கிறார்கள். ‘வந்தது’ ‘வந்துச்சு’, ‘அவர்கள்’ ‘அவங்க’. இது பிழைதானே, அங்கேயே திருத்த வேண்டாமா? விட்டால் தேர்விலும் அப்படியே எழுதுவார்கள்.

அரும்பு_மொட்டு:
உடனே திருத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ‘வருகிறான்’ என்ற ஐந்து எழுத்தைப் பார்த்து ‘வர்றான்’ என்று சொன்ன பிள்ளை, எழுத்தைக் கூட்டி, பொருளைப் பிடித்து, தன் வீட்டு மொழியில் சொல்லியிருக்கிறது. பொருள் புரியாமல் ‘வ-ரு-கி-றா-ன்’ என்று பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளையைவிட அது முன்னால் நிற்கிறது. "சரியாப் புரிஞ்சுக்கிட்டே" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு ‘கி’யின் மேல் விரல் வைத்து "இந்த எழுத்தும் இருக்கே, அதையும் சேர்த்துச் சொல்லு" என்றால் தானாக ‘வருகிறான்’ வரும். திருத்தம் முதலில் வந்தால் பிள்ளை அடுத்த சொல்லைப் படிக்கும் முன் உங்கள் முகத்தைப் பார்க்கும். கண் தாளைவிட்டு முகத்துக்குப் போய்விட்டால் வாசிப்பு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

நெல்லும்எழுத்தும்:
வாசிப்புக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். சொல்வதெழுதுதலில் இந்தச் சலுகை கூடாது. ‘நான் பல்லிக்குப் போனேன்’, ‘அம்மா புலிக் குழம்பு வைத்தார்’ என்பதெல்லாம் அங்கேதான் வருகிறது.

யாழ்_வாசகி:
அது காதும் நாக்கும் சேர்ந்த சங்கதி. ல: நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால தொடும். ள: நுனி மேல வளைஞ்சு அண்ணத்தைத் தொடும். ழ: அதே மாதிரி வளையும், ஆனால் தொடாது. சின்னக் கண்ணாடி ஒன்றைக் குடுத்துத் தங்கட வாயைத் தாங்களே பார்க்க விடுங்கோ. ‘பள்ளிச் சுவரில் பல்லி’, ‘மலை மேலே மழை’ என்று இரண்டும் ஒரே வசனத்தில வாற மாதிரிச் சொல்லுங்கோ. வீட்டுப் பேச்சில ழகரமே இல்லாத பிள்ளைக்கு அது காதால பிடிபடாது. அந்தச் சொற்களைக் கண்ணால பார்த்துத்தான் மனதில வைக்க வேணும். வாசிக்கையில் ‘வாளைப்பளம்’ என்று சொல்லுறதை வாசிப்புப் பிழையாக் குறிக்காதேங்கோ.

முன்பல் விழுந்த ஆறேழு வயசுப் பிள்ளையையும் கவனியுங்கோ. ச, த எல்லாம் காற்றாப் போகும். பல் முளைக்கும்வரை உச்சரிப்பைத் திருத்தி ஒரு பிரயோசனமும் இல்லை.

கரும்பலகை:
வகுப்புக்கு வெளியே நடப்பதையும் கேட்கிறேன். படிக்கத் தெரிந்ததும் கண்ணில் படுவதையெல்லாம் உரக்கப் படிக்கிறார்கள். பேருந்தில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ வரை பரவாயில்லை. மின்கம்பத்தில் ‘மூலம், பௌத்திரம்’ நோட்டீஸ், சுவரில் ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’, துக்க வீட்டு வாசலில் ‘கண்ணீர் அஞ்சலி’ பேனரில் பெயர், வயது, தேதி எல்லாவற்றையும் கணீரென்று படித்துவிட்டு "இவங்க யாரு?" என்று கேட்டால் பெற்றோர் நெளிகிறார்கள்.

சிலேட்டுப்பலகை:
வாயைப் பொத்துவதுதான் பெரும்பாலோர் செய்வது, அதைத்தான் செய்யக்கூடாது. குழந்தைக்கு அது ‘மூலம்’ என்ற சொல்லுக்கான அதட்டலாகத் தெரியாது. படித்ததற்குக் கிடைத்த அதட்டலாகத்தான் தெரியும்.

"அது ஒரு நோயோட பேரு. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி எழுதியிருக்காங்க." இவ்வளவு போதும். முகம் மாறாமல் சொன்னால் அடுத்த பலகைக்குப் போயிடும். சத்தத்தைக் குறைக்க "மனசுக்குள்ள படி" என்று சொல்லிப் பயனில்லை. புதுசா படிக்கிற பிள்ளைக்குத் தன் குரல் தன் காதில் விழுந்தால்தான் சொல் சேரும். வாயை மூடினால் படிப்பே நிற்கும். "என் காதுல சொல்லு" என்று குனிந்து காதைக் கொடுங்க. முதலில் கிசுகிசுப்பு, பிறகு உதடு மட்டும் அசையும், ரெண்டாம் வகுப்புக்குப் பிறகு மெல்ல மௌன வாசிப்பு வரும். துக்க வீட்டுத் தெருவில் நுழையும் முன்னாலேயே "இங்க காதுல மட்டும்தான்" என்று சொல்லிவைத்தால் சமாளிக்கலாம்.

செய்தித்தாளில் ஒரு எச்சரிக்கை. பத்தி குறுகலா இருப்பதால் சொல்லை எங்க வேணும்னாலும் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளிடுவாங்க, உடைந்த இடத்தில் கோடும் போட மாட்டாங்க. ‘மருத்து’ ஒரு வரி, ‘வமனை’ அடுத்த வரி. பிள்ளை ‘வமனைன்னா என்ன?’ என்று கேட்கும். தலைப்பு மட்டும் கொடுங்க.

பெயர்ச்சீட்டு:
தாத்தா பாட்டி எழுதிக் கொடுக்கும் வீட்டுப்பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் ணை, லை, ளை, னை எழுதும்போது துதிக்கை போல மேலே வளைத்துவிடுவார்கள். ணா, றா, னாவுக்கும், அதே மூன்றின் ஒகர, ஓகார எழுத்துகளுக்கும் (ணொ, ணோ போல) தனி உருவம் உண்டு. மொத்தம் 13 எழுத்து. குழந்தை அதை அப்படியே எழுதிவந்து சிவப்பு மையில் சுழி வாங்கினால் வீட்டில் தாத்தாவிடம்தான் சண்டை போடும். பிழை என்று போடாதீர்கள். பக்கத்தில் இன்றைய வடிவத்தை எழுதி, "தாத்தா எழுதுறது பழைய முறை, ரெண்டும் ஒரே எழுத்துதான்" என்று சொல்லிவிடுங்கள்.

கரும்பலகை:
கடைசியாக ஒன்று. ஒரு குழந்தை தப்பாகப் படித்ததும் மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த நொடியில் என்ன செய்வது?

மூணுசுழி:
"சிரிக்காதே" என்று அதட்டினால் சிரிப்பு பெருசாகும், படித்த குழந்தை மேலேயே எல்லார் கண்ணும் போகும். அதனால் பார்வையைச் சொல்லின் மேல திருப்புங்க. ‘கெரடி’ என்று படித்ததா? கரும்பலகையில் ‘கொடி’ என்று பெருசா எழுதுங்க. "கொம்பு வந்துடுச்சு, கால் வந்துடுச்சு, நடுவுல யாரு?" என்று வகுப்பு முழுவதையும் கேளுங்க. எல்லாரும் ‘க’ என்பார்கள். "மூணு பேரும் சேர்ந்தா?" என்று கேட்டு, பதிலைச் சொல்லும் வாய்ப்பை முதலில் தடுமாறிய குழந்தைக்கே கொடுங்க. சொல்லி முடித்ததும் அதே எழுத்தில் ‘கொக்கு’, ‘கொத்து’ ரெண்டையும் அந்தக் குழந்தையே படிக்கட்டும். அதுக்குப் பிறகுதான் அடுத்த பிள்ளைக்குப் போகணும்.